ஈறு வைத்துக் கட்டிய டாக்சி

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே நம்பர். ஒன்றில் ஐந்து பேர் உட்காரலாம். இன்னொன்றில் ஒரு கரப்பான்பூச்சி உட்காரலாம், அதுவும் மீசையை மடக்கிக்கொண்டு. பெரியது அப்பாவுடைய டாக்சி. சின்னது நான் கட்டியது. வீட்டுக்குச் சோறு போட்டது எது என்று கேட்டால் எல்லாரும் பெரியதைத்தான் காட்டுவார்கள். காட்டட்டும். அது ஒருமுறை முற்றத்தில் மல்லாந்து கிடக்காத குறையாக நின்றபோது அதை ரோட்டுக்கு அனுப்பியது சின்னதுதான். இதைச் சொன்னால் எங்கள் அப்பாவுக்குக் கோபம் வரும், அதனால் அவர் இருந்தவரை அடிக்கடி சொல்வேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். மலாக்காவில் காஜா பெராங்கில், மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தை ஒட்டி எங்கள் வாடகை வீடு. நான் டவுனில் ஜாலான் பெண்டஹாராவுக்குப் பக்கத்தில் பொய்ப்பல் செய்யும் ஒரு சீனர் கடையில் வேலை பார்த்தேன். மெழுகில் ஈறு செதுக்குவது, பிளாஸ்டர் மாவில் அச்சு எடுப்பது, பல்லை அரத்தால் ராவி மெருகு போடுவது, இதெல்லாம் என் வேலை. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அம்மா "டாக்டர் கடையில வேலை" என்பாள். எந்த டாக்டர் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அவள் காப்பியை அவசரமாக நீட்டுவாள்.

எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், கார் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அப்பாவின் பின்சீட்டில் உட்கார்ந்து அவருடைய காலையே பார்த்துக்கொண்டு போவேன். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். சோறு பிசைந்த அவர் கை அப்படியே நின்றது.

"நாட்டுக்கு மெர்டேக்கா கிடைச்சா உனக்குமா கிடைச்சிருச்சு? பொம்பளப் பிள்ள டாக்சி ஓட்டுனா எவன் ஏறுவான்?"

"ஏறுறவன் ஏறட்டும்ப்பா."

"ஏற மாட்டான் லா. எறங்கி ஓடுவான்."

பேச்சு அதோடு முடிந்தது. அந்தக் காரின் டிரைவர் பக்கத்துக் கதவைக் கூடத் தொட எனக்கு அனுமதி கிடையாது. தொட்டால் விரல் ரேகை விழுமாம்.

அந்தச் சமயத்தில்தான் முன்பல் இரண்டும் போன ஒரு வெள்ளைக்கார சிப்பாய் கடைக்கு வந்தான். கால்பந்து ஆடியபோது போனது என்றான். மூக்கையும் பார்த்தால் பந்து பாட்டில் வடிவத்தில் இருந்திருக்க வேண்டும். அவனுக்கு நான் ராவிக் கொடுத்த பல் அச்சாகப் பொருந்திவிட்டது. கடைக்குள்ளேயே நின்று ஒரு பாட்டு முழுவதும் விசில் அடித்துக் காட்டினான். மறுவாரம் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். மூடியில் மீன் வால் வைத்த சிவப்பு அமெரிக்கக் கார் படம். உள்ளே கார் இல்லை, காரின் எலும்புகள் இருந்தன. கதவு, சக்கரம், சீட்டு, பம்பர் எல்லாம் தனித்தனியாகப் பிளாஸ்டிக் குச்சிகளில் காய்த்துத் தொங்கின. வெட்டி, ராவி, ஒட்டி, நாமே காராக்கிக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

அம்மாவின் முறத்தில் கொட்டித்தான் கட்டினேன். தரையில் வைத்தால் ஸ்டீயரிங்கை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். பெட்டியில் வந்த பசை காய்ந்து கிடந்தது. அதனால் என்ன, கடையில் பல்லுக்கு ஊற்றும் தண்ணீர் போன்ற மருந்து ஒன்று உண்டு. மூக்கைத் துளைக்கும். அதை ஒரு சொட்டு தொட்டு வைத்தால் பிளாஸ்டிக் இளகி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அம்மா வாசலில் நின்று, "மத்த வீட்டுல பிள்ளைங்க கோலம் போடுதுங்க, எங்க வீட்டுல காடி கட்டுது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அலுத்துக்கொள்வாள். முறம் போன கோபம் வேறு.

சிப்பாய் முகாமில் போய் என்ன சொன்னானோ, அதற்குப் பிறகு பல் போனவன் எல்லாம் பெட்டியும் கையுமாக வந்தான். பிரிட்டிஷ் படைக்கு இவ்வளவு பல் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கட்டிய கார்கள் எங்கள் ரேடியோப் பெட்டியின் தலையில் வரிசையாக ஏறின. ரேடியோவைத் திருகப் போகும்போதெல்லாம் அப்பா அவற்றைக் கடைக்கண்ணால் பார்ப்பார். ஒருநாள் சவாரி முடித்து வந்தவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டீயரிங் தப்பான பக்கத்துல இருக்கு."

"அமெரிக்காவுல அப்படித்தான்ப்பா."

"இது என்ன அமெரிக்காவா? காஜா பெராங்குல இத எவன் ஓட்டுவான்? மாத்து."

மாற்றினேன். பல் ராவும் சின்ன ரம்பத்தால் டேஷ்போர்டை அறுத்து, திருப்பி, வலது பக்கத்தில் ஒட்டினேன். அங்கேதான் பிடித்தது சனி. மறுநாள் அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டார். மீன் வால் எதற்கு, வெட்டு. மூக்கு நீளம், குறை. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை அடி. கொஞ்சம் கொஞ்சமாக அமெரிக்கா போய், அப்பாவின் டாக்சி வந்துகொண்டிருந்தது. மஞ்சள் பெயிண்டை லாரிக்கு எழுத்து எழுதுகிறவரிடம் வாங்கினேன். முன்விளக்குக்குத் துணிக்கடையில் கண்ணாடி மணி வாங்கினேன். சீட்டுக்கு அம்மாவின் பழைய ரவிக்கையில் ஒரு துண்டு. பின்பக்கத்து இடது மட்கார்டு கோயில் கேட்டில் இடித்து நசுங்கியிருந்ததையும் சூடு வைத்து அப்படியே நசுக்கினேன்.

"அத மட்டும் விட்டுரு பிள்ள."

"உள்ளத உள்ளபடிதான்ப்பா செய்வேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் பெரிய காரை அளக்க வேண்டியிருந்தது. ரேகை விழும் என்று சொன்ன அதே மனிதர் கதவை அகலத் திறந்து வைத்தார். பல் அளக்கும் கவைக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே தலைகீழாகப் படுத்து அளந்தேன். பல் பிளேட்டுக்குக் கட்டும் கம்பியில் மூன்று பெடல் செய்தேன். அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்துக் காட்டினார்.

"இடது காலுக்குக் கிளச். வலது காலுக்குப் பிரேக்கும் எண்ணெய் மிதியும். கிளச்ச மொத்தமா விட்டா காடி குதிக்கும். தூங்குற பிள்ள தலைக்குக் கீழருந்து கைய எடுப்பியே, அப்படி விடணும். கியர் இங்க ஒண்ணு, கீழ ரெண்டு. பொம்மைக்கும் கியர் ரெண்டுலயே நிக்கட்டும், அதான் நம்ம ரோட்டுக்கு லாயக்கு."

எனக்கு அவர் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. பொம்மைக்குச் சொல்லிக் கொடுத்தார், நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

கடைசியாக அவர் கேட்டது நம்பர். "நம்பர் இல்லாத காடி என்ன காடி? நம்ம நம்பர எழுது." பூனைமுடி போல மெல்லிய பிரஷ்ஷால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எழுதினேன். எழுதி முடித்ததும் அவர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, முற்றத்தில் நின்ற டாக்சியைப் பார்த்து, மறுபடி குனிந்து பார்த்தார். "ம்" என்றார். எங்கள் அப்பாவிடம் அதற்கு மேல் பாராட்டு வாங்கியவர் யாரும் கிடையாது. நான் அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. டாக்சியைக் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து முற்றத்தில் நிறுத்தியாயிற்று. வீட்டுக்குள் சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், ஜாக்கி, காற்றடிக்கும் பம்பு, என் அரங்கள், அம்மாவின் அரிவாள்மணை. இத்தனைக்கும் நடுவில், மாப்பிள்ளை மாதிரி, சின்ன டாக்சி. வைத்தது நான் இல்லை. அப்பாவே இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்து, சுண்டுவிரல் நுனியால் அதன் பானெட்டில் கடுகளவு சந்தனம் வைத்தார்.

அப்பா சாமி கும்பிடுகிற முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். மற்ற டிரைவர்கள் "நல்லபடியா ஓடணும்" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு சுண்டலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் அப்பாவுக்குச் சாமிமேல் அந்த அளவுக்கு நம்பிக்கை கிடையாது. பொதுவாகச் சொன்னால் சாமி எதையாவது விட்டுவிடும் என்று பயம். அதனால் வளைவு வளைவாகச் சொல்லிக் கேட்பார். சூடத் தட்டைக் காருக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, புக்கிட் பாரு மேட்டில் ஆரம்பித்து, அலோர் காஜா வளைவு, தம்பின் போகும் வழியில் ரப்பர்த் தோட்டத்துத் திருப்பம், மாடு படுத்துக் கிடக்கும் இடம், லாரிக்காரன் லைட் போடாமல் வரும் இடம் என்று சிரம்பான் வரை போவார். அதோடு விடாமல் திரும்பி வருவார். சூடம் தானாக அணைகிறவரை தட்டு நகராது. வீட்டில் யாரும் கண்ணைத் திறக்கவும் கூடாது. வருஷா வருஷம் இரும்புக் காருக்கு இப்படித்தான் செய்தார், ஒன்றும் ஆகவில்லை.

பிளாஸ்டிக் காருக்கும் அப்படியே செய்தார்.

அலோர் காஜா தாண்டும்போது எனக்கு ஒரு வாடை வந்தது. கடையில் பல் தீயும்போது வருகிற வாடை. ஐயோ என்று கண்ணைத் திறந்தேன். மஞ்சள் கூரை வாழையிலை வாடுவது போல நடுவில் குழிந்து, ஓரம் சுருண்டு, சீட்டின்மேல் போய்ப் படுத்துவிட்டிருந்தது. அப்பா தம்பினில் இருந்தார்.

"அப்பா! கூரை! கூரை!"

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அம்மா சூடத் தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லங்க, பொம்மதானே" என்றாள்.

"பொம்மைக்கு எதுக்குடி நம்பரு?" என்றார் அப்பா. "ஒரே காடி, ஒரே நம்பரு. சாமி முன்னால என் கையாலயே கூரை விழுந்துருக்கு. எவ எழுதச் சொன்னா அந்த நம்பர?"

எழுதச் சொன்னவரே இப்படிக் கேட்டால் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் வேலை அது! வீடே அப்பாவைச் சுற்றி நின்று தேற்றியது. உருகிய காரைக் கையில் வைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. சுண்டல் தட்டைக்கூட என் பக்கம் யாரும் நீட்டவில்லை.

மறுநாள் எலுமிச்சம்பழம் வைத்து டாக்சியை எடுக்க வேண்டும். அப்பா எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. டாக்சி சந்தனப் பொட்டோடு முற்றத்தில் நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து கூரையைப் பார்த்துவிட்டுப் பெஞ்சியில் போய் உட்கார்ந்துகொள்வார். மேசையில் மீன் போய்க் கருவாடு வந்தது, கருவாடு போய் ரசம் வந்தது, அதற்குப் பிறகு ரசத்திலும் தண்ணீர் கூடியது. "இப்படியே போனா அடுத்தது சுடுதண்ணிதான்" என்றாள் அம்மா. அவள் அப்பாவைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், பல் போன சிப்பாய்களையும் விட்டுவைக்கவில்லை.

இதில் எங்களைவிடக் கஷ்டப்பட்டவர் ஒருவர் இருந்தார். பக்கத்துக் கம்பத்துச் செட்டியம்மா. கெபாயா உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி, தினமும் காலையில் பலகாரத் தட்டுகளோடு அப்பாவின் டாக்சியில்தான் பசாரில் விற்கப் போவார். தமிழ் அவருக்கு வராது, மலாய்தான். ஆனால் சாமி விஷயத்தில் அப்பாவுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். எங்களுக்கு முன்னூறு வருஷம் முந்தி வந்து கோயில் கட்டியவர்கள் என்று அப்பா மரியாதையாகச் சொல்வார். டாக்சி நின்றதிலிருந்து அந்த அம்மா சைக்கிள் திரிஷாவில் போய், மழையில் நனைந்து, பலகாரமும் நனைந்து, கடுப்பில் இருந்தார். ஒரு சாயங்காலம் எங்கள் முற்றத்தில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஆப்பா பசால் தாக் ஜாலான்?" ஏன் ஓடவில்லை என்று டாக்சியையே கேட்பது போலக் கேட்டார்.

அப்பா எழுந்து நின்று மலாயில் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா சின்னக் காரை வாங்கிப் பார்த்தார். குழிந்த கூரையை விரலால் தட்டி, மலாயிலேயே சொன்னார்.

"சின்னதுக்கு அடிபட்டிருந்தா சின்னதச் சரி பண்ணு. சரியானதும் பூஜை போட்டு எடு. இதுக்கு எதுக்கு வீட்ல உக்காந்திருக்க?"

"என் கையாலதானே உருகுச்சு. நானே மறுபடி எடுத்தா?"

"அப்ப நீ எடுக்காத. சின்னதச் சரி பண்ற கை எதுவோ, அந்தக் கை பெரியத முதல் ரவுண்டு எடுக்கட்டும். அவ்வளவுதான், முடிஞ்சுது. நாளான்னிக்கு எனக்குப் பசார் போகணும்."

இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நனைந்த பலகாரத்தின் சாஸ்திரம் என்றுதான் நினைக்கிறேன். அப்பா திரும்பி என் கையைப் பார்த்தார். நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

கூரையை நிமிர்த்த முடியாது. தொட்ட இடமெல்லாம் பொரிந்து உதிர்ந்தது. இன்னொரு பெட்டி வாங்கலாம் என்றால் அந்த வாரம் பார்த்து எந்தச் சிப்பாய்க்கும் பல் போகவில்லை. பழைய கூரையைத் தூண்களோடு அறுத்து எடுத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். ஈறு செய்கிற மெழுகை இளக்கி, காரின்மேல் போர்த்தி, கூரையாகச் செதுக்கினேன். அதைப் பிளாஸ்டர் மாவில் அச்சு எடுத்து, மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் பொய்ப்பல் ஈறுக்கு அடைக்கிற ரோஸ் மாவை அடைத்தேன். மேல்வரிசைப் பல் செட் போகிற அச்சுப்பெட்டிக்குள் கச்சிதமாகப் போயிற்று. ஒரு பெரியவரின் பல் செட்டோடு சேர்த்து ஒரே பானையில் கொதிக்கப் போட்டேன். கடை முதலாளி தவுக்கே வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது யாரு பல்லு?"

"டாக்சி பல்லு, தவுக்கே."

"வாய் ரொம்பப் பெருசு" என்றுவிட்டுப் போய்விட்டார். கேள்வி கேட்காத முதலாளி கிடைப்பது பெரிய பாக்கியம்.

கொதித்து, ஆறி, உடைத்து எடுத்தபோது ரோஸ் நிறத்தில் பளபளவென்று ஒரு கூரை கையில் இருந்தது. தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. ராவி, மருந்து தொட்டு ஒட்டி, வெளியே மஞ்சள் அடித்தேன். உள்பக்கம் பிரஷ் போகவில்லை. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா அதை வாங்கிக் கூரையை அமுக்கிப் பார்த்தார், இறங்கவில்லை. கண்ணுக்கு நேரே தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"உள்ள என்னா ரோசா இருக்கு?"

"ஈறுப்பா."

"என்னாது?"

"பல்லு வைக்கிற ஈறு. தீக்கு உருகாது. பெரியவங்க கரும்பு கடிக்கிறாங்க அத வச்சு."

"என் காடிக்கு ஈறு கட்டுனியா?" என்றார். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியவில்லை. அம்மா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மறுநாள் காலை பூஜை. சூடத் தட்டை அம்மா பிடித்தாள், நான்கு அடி தள்ளி நின்று. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். செட்டியம்மா பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி முந்தின நாளே இடம் பிடித்தவர் போல உட்கார்ந்துவிட்டார். அப்பா சாவியை என் கையில் வைத்தார். அவருடைய கை சில்லென்றிருந்தது. என்னுடையதும்தான். பிறகு அவர் சுற்றி வந்து இடது பக்கத்தில் ஏறினார். அந்தப் பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சின்னக் காரை மடியில் வைத்துக்கொண்டார்.

"முற்றத்துலயே ஒரு ரவுண்டு. அவ்வளவுதான்" என்றார். "மாத்தா, போலீஸ் வந்தா நீ குனிஞ்சுக்க."

"நான் குனிஞ்சா யாருப்பா ஓட்டுறது?"

"வாயப் பாரு. கிளச்ச மிதி."

மிதித்தேன். முதல்முறை கார் ஒரு குதி குதித்து நின்றது. செட்டியம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ மலாயில் சொன்னார், அதை எழுத முடியாது. இரண்டாம் முறை தூங்குகிற பிள்ளையை நினைத்துக்கொண்டேன். காலை மெல்ல, மெல்ல எடுத்தேன். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்குகிற சத்தம் கேட்டது. கார் நகர்ந்தது. ஐயோ, நகர்ந்துவிட்டது! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. முற்றத்தில் சுற்றுவதற்கு ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று பொம்மை எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் கேட்டைத் தாண்டி நேராகக் காஜா பெராங் ரோட்டுக்கே வந்துவிட்டேன்.

அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். பக்கத்திலிருந்து முணுமுணுப்பு மட்டும் கேட்டது. கோயில் முனை, தண்ணீர்க் குழாய், சைக்கிள் கடைத் திருப்பம். வளைவு வளைவாகச் சாமியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கண் திறந்திருந்தது. கியர் இரண்டில் போட்டேன். பசாருக்குத் திரும்பும் முனைக்கு வந்ததும் எதிரே ஒரு லாரி நிற்பதைப் பார்த்துப் பயந்து, ஓரமாக நிறுத்தினேன். செய்ய வேண்டிய ஒரு ரவுண்டு ஆகிவிட்டது. செட்டியம்மாவின் சட்டப்படி இனி அப்பாவே எடுக்கலாம்.

"அப்பா, மாறி உக்காருறீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த சின்ன டாக்சியின் கூரையை இரண்டு உள்ளங்கையாலும் மூடிப் பிடித்திருந்தார். வெயில் கண்ணாடி வழியாக நேரே அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் கை வேலையா இருக்கு லா" என்றார். "நீ ஓட்டு."